சூளை வாசலில் ஒரு அப்டேட்

வெப்சைட் கட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இருட்டைக் கண்டு பயமில்லை, 'புதிய பதிப்பு வந்துவிட்டது' என்ற மெயிலைக் கண்டால்தான் கைகால் உதறும். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்டேட் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டிருந்தால், நீங்களும் நம்ம ஜாதிதான். வாருங்கள், சேர்ந்தே நடுங்குவோம்.

ஓனர் இல்லாத பொருள்

விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிற சின்ன யூனிட்டுகள் சில சேர்ந்து ஒரே சூளையைப் பயன்படுத்துகின்றன. சூளை நீளமான குகை மாதிரி இருக்கும். பொருளை அடுக்கிய டிராலியை இந்தப் பக்கம் தள்ளினால், வெந்து மறுநாள்தான் அந்தப் பக்கம் வரும். நடுவில் திருப்பி எடுக்க வழியே கிடையாது. ஈரம் காயாத பொருள் உள்ளே போனால் வெடிக்கும், பக்கத்தில் இருக்கிற அடுத்தவர் பொருளையும் கெடுக்கும். அதனால் யார் எப்போது காயப்போட்டார்கள் என்று பதிந்து, ஒரு முழு நாள் ஆனதும் பெயருக்கு நேரே பச்சை காட்டுகிற ஒரு தளத்தை நான் செய்து கொடுத்தேன்.

அந்த யூனிட்டுக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் தனபால் அண்ணனுக்கு அதை விளக்கப் போனேன். "இதுக்கு அடியில அஸ்திவாரமா இருக்கிற ஃப்ரேம்வொர்க் இலவசம்ண்ணே. உலகம் பூரா இருக்கிறவங்க சேர்ந்து எழுதறாங்க, யாரு வேணா எடுத்துக்கலாம்" என்றேன் பெருமையாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஓனரே இல்லைங்கிற. ஒடைஞ்சா யாரு சட்டையப் போயிப் புடிக்கிறது?"

நான் சுடிதாரின் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன். அவரும் அதைப் பார்த்துவிட்டு, "சரி கலை, நீ இருக்கிற" என்றார்.

குட் லக்

அந்த ஃப்ரேம்வொர்க் ஆட்கள் வாராவாரம் ஒரு செய்திமடல் அனுப்புவார்கள். புதுக் கருவிகள், எங்கோ நடந்த கூட்டத்தின் படங்கள், யாரோ எழுதிய பாடம் என்று இருக்கும். டீயோடு மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், மடலின் முதல் வரியே சிவப்பில் வந்தது. பழைய பதிப்பில் ஒரு ஓட்டை இருக்கிறதாம், அதன் வழியே யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமாம், உடனே மாறுங்கள் என்று போட்டிருந்தது. டீயை அப்படியே கீழே வைத்தேன்.

அவர்கள் விவாத மன்றத்தில் போய், 'என் தளத்தை நம்பி ஒரு சூளை எரிகிறது, மாறலாமா?' என்று கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ, பத்து நிமிடத்தில் பதில் போட்டார். பழையதை நகல் எடுத்து வை, புதுக் கருவியை ஓட்டு, அதுவே உன் நிரலைத் திருத்தித் தரும், குட் லக் என்று. அந்தக் கடைசி இரண்டு சொல்லைத்தான் மூன்று தடவை படித்தேன். புதுச்சேரியில் இதே தொழில் பார்க்கும் தோழி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் புலம்பினேன். அவள் சொன்னாள்: "பண்ணாலும் பயம், பண்ணாட்டியும் பயம்னா, பண்ணிட்டே பயப்படுடி."

எல்லாம் சரி

சூளைக்காரர்கள் வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். நகல் எடுத்தேன். கருவியை ஓட்டினேன். திரையில் வரிவரியாக ஓடியது, இங்கே திருத்தினேன், அங்கே திருத்தினேன் என்று. நடுவில் மஞ்சளாக ஒன்றிரண்டு வரி போனது. நின்று படித்திருக்கலாம். கடைசியில் 'முடிந்தது' என்று வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிம்மதியில் யாராவது மஞ்சள் வரியைப் படிப்பார்களா? நீங்கள் படிப்பீர்களா?

குளித்துவிட்டு இட்லியைத் தட்டில் வைத்தேன். எட்டரைக்குத் தனபால் அண்ணன் போன். குரலில் ஒரே குஷி. "சைட்டு முன்னயவிட வேகமா இருக்குதும்மா. எல்லாருதும் ஒரேடியா பச்சையா ஆயிடுச்சு!"

டிராலி

ஆளுக்கொரு நேரத்தில் காயப்போட்டது ஒரேடியாகப் பச்சை ஆக வழியே இல்லை. திறந்து பார்த்தேன். முந்தின நாள் பதினொன்றரைக்குக் காயப்போட்ட பொருள், காலை ஆறு மணிக்கே போட்டதாகக் காட்டியது. ஐந்தரை மணி நேரம்! நம்ம ஊர் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த மஞ்சள் வரி இதைத்தான் சொல்லியிருக்கிறது: 'நேர அமைப்பின் பெயர் மாறிவிட்டது, இதை நான் தொடவில்லை, நீயே பார்த்துக்கொள்.' தனபால் அண்ணனுக்குப் போன் போட்டால் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தளத்தைப் பழைய நகலுக்கு மாற்றிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தேன். மழைத் தண்ணீரில் இரண்டு தடவை வண்டி வழுக்கியது. விழுந்துவிடுவோம் என்ற பயம்கூட வரவில்லை, அதற்கு இடமில்லை.

மல்லிகா அக்கா பொம்மை யூனிட் வைத்திருப்பவர். நான்கு பெண்களோடு உட்கார்ந்து, ஒரு கடைக்காக யானை பொம்மை செய்திருந்தார். அடி கனமான யானை, லேசில் காயாது. அவருடைய டிராலி சூளை வாசலில் நின்றது. "அக்கா, தள்ளாதீங்க!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், அக்கா ஒரு யானையை எடுத்து அதன் அடியைக் கன்னத்தில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. அப்படியே என் கன்னத்திலும் வைத்தார். தவளையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"ஈரம் இருக்குது கலை. இது என்னோட ரெண்டாவது டிராலி. மொதோ டிராலி போயி அரை மணி நேரம் ஆவுது."

அந்தப் பக்கம்

மறுநாள் அது வெளியே வரும்வரை நான் சாப்பிட்ட ஞாபகம் இல்லை. சூளைக்குள் 'டப்' என்று கேட்டதா, என் நெஞ்சுக்குள் கேட்டதா என்று தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். டிராலி வந்தது. மேல் தட்டு யானைகள் முழுசாக நின்றன. கீழ்த்தட்டில் ஒன்றுகூட காலோடு இல்லை. தெறித்த சில்லுகள், பக்கத்து யூனிட்காரரின் ஃப்யூஸ் கட்டைகள் மேல், உருகிய பளபளப்புப் பூச்சோடு சேர்ந்து ஒட்டியிருந்தன. நான்கு பெண்களில் ஒருத்தி உடைந்த தும்பிக்கையைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"கடைக்கு நானே பேசறேன்க்கா, தப்பு என்னுது" என்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் ஆறிய சில்லு ஒன்றைப் பெயர்த்தபடி சொன்னார்: "தப்பு உன்னுதுதான். ஆனா அந்தப் பச்சைய நம்பி ஒரு வருஷமா நான் எதையும் கன்னத்துல வெச்சே பாக்கல. இப்ப அதை நெனச்சாத்தான் எனக்கு ஒடம்பு நடுங்குது."

இப்போது என் தளத்தில் பச்சை வருவதற்கு முன் 'கன்னத்தில் வைத்துப் பார்த்தாச்சா?' என்று ஒரு கேள்வி வருகிறது, அதற்குத் தனபால் அண்ணன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் சேர்த்து 'ஆமாம்' அழுத்திவிடுவதாகக் கேள்வி.