வல்லக்கோட்டையில் விழாத ஒரு பிரேக்கர்

“அப்பா, இப்பல்லாம் பிரேக்கர் விழுறதே இல்ல” என்று மகள் அருணா தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னாள். அந்த மகிழ்ச்சிதான் கடந்த ஞாயிறு, கத்திரி வெயிலில், என்னைத் தாம்பரத்திலிருந்து கிளப்பியது. ஏசி ஓடும்போது அடிக்கடி விழுந்து மின்சாரத்தைத் துண்டித்த பிரேக்கர் திடீரென்று விழாமல் நின்றால், மின்பொறியாளனுக்கு அது நற்செய்தி அல்ல.

காலை ஒன்பதரைக்கு வாலாஜாபாத் பேருந்து. படப்பை வழியாக ஒரகடம் சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து வல்லக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

“கோயிலுக்கா சார்?” என்றார் ஓட்டுநர்.

“இல்லை, ஒரு பிரேக்கரைப் பார்க்க.”

“அத்த பாக்கவா தாம்பரத்துலேர்ந்து வரீங்க?”

அருணா இருப்பது தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியில். அவள் அறை மாடியில், தகரக் கூரைக்கு அடியில். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும். ஏசி இல்லாமல் முடியாது. மாடி வராந்தாவின் கோடியில் இருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்தேன். இருபது ஆம்பியர் இருந்த இடத்தில் நாற்பது. கம்பி மட்டும் பழைய இரண்டரை சதுர மில்லிமீட்டர்.

“சூப்பரா கீது அங்கிள், ஒரு தபாகூட விழல” என்றாள் அறைத்தோழி கலை, திருத்தணிப் பக்கத்துப் பெண்.

“கம்பி போகிற அந்தக் குழாயைத் தொட்டுப் பாரும்மா.”

தொட்டவள் சூடு தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிரேக்கர் காப்பது ஏசியை அல்ல, கம்பியை. கம்பி தாங்குவதைவிடப் பெரிய பிரேக்கர் போட்டால், கம்பி எரிந்த பிறகும் அது விழாது. எந்தக் கம்பி என்பதை ஏசி இழுக்கும் மின்னோட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கூரையடி வெப்பம் அதன் தாங்குதிறனைக் குறைக்கும். ஒரே குழாயில் மூன்று அறைகளின் கம்பிகளைத் திணித்தால் இன்னும் குறையும். தூரம் கூடக்கூட வோல்ட்டேஜ் சரியும். இங்கே அத்தனையும் இருந்தன. அந்தக் கம்பிக்குப் பழைய இருபதே அதிகம்.

ஏசி இணைப்பை அணைத்தேன். விடுதி உரிமையாளர் மேலே ஓடி வந்தார்.

“யாரக் கேட்டு ஆஃப் பண்ணீங்க?”

“யாரைக் கேட்டு நாற்பது மாட்டினீர்கள்?”

“பொண்ணுங்க தூங்க வேணாவா சார்?”

“தூங்கட்டும். எழுந்திருக்கவும் வேண்டும்.”

அந்த ஒரே கம்பியில் ஓடிய இரண்டு ஏசிக்கும் சேர்த்துப் பதினாறு ஆம்பியர். பெட்டியிலிருந்து அறைக்கு நாற்பது மீட்டர். தனிக் குழாயில் ஆறு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இருபது ஆம்பியர் பிரேக்கர். அவ்வளவுதான் என் கோரிக்கை. அவர் சிரித்தார்.

“நீங்க பஸ் ஏறுங்க சார். வெயில் தாங்காம அதுங்களே ஆன் பண்ணிக்கும்.”

கலை எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். “இன்னாண்ணா, எங்களப் பத்தி அப்டியா நெனச்சீங்க? கம்பி வர்ற வரைக்கும் இது ஆஃப்லதான் கீது. யாரு கை வெக்கிறாங்க பாக்கலாம்.”

அருணா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாலை நாலு மணிக்கு, வேறு வழியில்லாமல் உரிமையாளர் வரவழைத்த எலக்ட்ரீஷியன் கம்பிச்சுருளோடு வந்தார். குழாய் பதித்து முடியும்வரை நானும் நகரவில்லை.

இந்தப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தண்ணீரும் ஒரு டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். அறைக்குள் நுழையுமுன் பிரேக்கரில் உள்ள ஆம்பியர் எண்ணையும் கம்பியில் உள்ள சதுர மில்லிமீட்டர் எண்ணையும் படியுங்கள். பொருந்தவில்லையென்றால் திரும்பும் பேருந்தை விட்டுவிடுங்கள். தாம்பரத்துக்கு அடுத்த பேருந்து எப்படியும் வரும்.