உட்கார்ந்தே நடந்தவனும் ஞானசேகரனும்

முதல் ஷிப்டு முடித்துக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த ஞானசேகரன், ஊர் வந்தும் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். சாயங்காலம் நம் செக்‌ஷன் வாட்ஸ்அப் குழுவில் அவர் படமும், கீழே பஸ்ஸிலேயே காலமானார் என்று இரண்டு வரியும் வந்தன. நான் குவார்ட்டர்ஸ் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான், அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டும் பெரிய இயந்திரத்தில் நான் ஆபரேட்டராக இருந்தேன். வெட்டிய மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டை ஒட்டியே நடந்து, எந்த ரோலர் சத்தம் போடுகிறது, எது சூடாகிறது என்று பார்ப்பது ஞானசேகரனின் வேலை. நான் பர்மனன்ட், அவர் கான்ட்ராக்ட். வயது இருவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் அத்தனை வருடமும் அவர் என்னை சார் என்றும், நான் அவரைப் பெயர் சொல்லியும்தான் கூப்பிட்டோம்.

எல்லார் கையிலும் டச் போன் வந்துவிட்ட காலம் அது. செக்‌ஷனில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எனக்கு பிரஷர் அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, அப்பாவும் மாரடைப்பில் போனவர் என்றதும் டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, தினமும் நடக்கவும் சொன்னார். நடப்பதைக் கணக்கு வைக்க போனிலேயே ஆப் இருக்கிறது, அதில் எடை, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் பதிந்துவைக்கலாம் என்றும் சொன்னார். போன் விஷயத்தில் நாமெல்லாம் மக்குகள். கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருவர் போனிலும் அதை ஏற்றிக்கொடுத்தது ஞானசேகரன்தான். பிறகு போட்டி வைத்தோம். வாரத்தில் அதிக அடி நடந்தவருக்கு ஒரு பிளேட் போண்டா. மாரடைப்பைத் தடுக்கக் கூடிய கூட்டம் எண்ணெயில் பொரித்துப் பரிசு கொடுத்த கூத்தை நாமே செய்தோம்.

முதல் வாரமே நான் ஜெயித்தேன். அடுத்த இரண்டு வாரமும் நான்தான். ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம், பதினாறாயிரம் அடி. ஷிப்டு முடியும்போது போனில் பச்சை டிக் விழும், 'அருமை, இன்றைய இலக்கு முடிந்தது' என்று வரும். படிக்கப் படிக்க மனசு குளிரும். நாள் பூராவும் கேபினில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படி இவ்வளவு என்று நான் யோசிக்கவே இல்லை. ஏணி ஏறுகிறோம், இறங்குகிறோம், சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். குவார்ட்டர்ஸ் பிளாக் சாலையில் சாயங்காலம் நடப்பதை நிறுத்தினேன். மாத்திரையைப் பாதியாக்கினேன், அதைக் கேன்டீனில் பெருமையாகவும் சொன்னேன். என் மனைவி கேட்டபோது போனை நீட்டி, "டாக்டர் கேட்டதைவிட ரெண்டு மடங்கு நடக்கிறேன், பாரு" என்றேன். அவளும் நம்பினாள்.

நம்பாதவர் ஒருவர்தான். இயந்திரத்தில் ஏறும் ஏணியில் நான் நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கியதைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறார். இறங்கி வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் பெல்ட்ட ஒட்டி நடந்துகினே கெடக்கிறேன். எனக்குப் பதினாலாயிரம் காட்டுது. நீங்க குந்திக்கினு இருக்கீங்க. உங்களுக்குப் பதினாறாயிரம். எப்டிங்க சார்?"

"உனக்குப் பொறாமை, ஞானசேகரா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன கழட்டி வச்சிட்டு ஒரு நாளு வேலை பாருங்க சார். அது போதும்" என்றார். நான் மாட்டேன் என்றேன்.

மறுநாள் ஷிப்டு தொடங்கும்போது, தன் போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, பெல்ட் ஓரத்தில் தூசி தாங்கவில்லை, கேபினில் இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தார். பையை இருக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். மதியம் சைக்கிள் ஸ்டாண்டில் அதை வாங்கி, போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அடி. கொக்கியில் தொங்கிய போன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

"மெசின் ஆடுதுங்க சார். அது ஆடறத இது நடக்கறதா எண்ணிக்கினு இருக்குது. நீங்க நடக்கவே இல்ல. மாத்திரையயும் பாதியாக்கிட்டீங்க. இன்னைக்கே டாக்டராண்ட போங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மூன்று வாரச் சாம்பியன் நான். நாளைக்குக் கேன்டீனில் என் தலை உருளும் என்பதுதான் அந்த நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. "கான்ட்ராக்ட் ஆளு எனக்கு டாக்டர் வேலை பார்க்க வேண்டாம். உன் ரோலரைப் போய்ப் பாரு" என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

ஞானசேகரன் நகரவில்லை. ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றபடி, "கோவிச்சிக்கினா கோவிச்சிக்குங்க சார். பாத்துகினு சும்மா இருக்க என்னால ஆவாது" என்றார். வண்டியை ஒடித்துத் திருப்பி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

நாலு நாள் நாங்கள் பேசவில்லை. அந்த நாலு நாளும் நான் ஏறுகிற நேரத்துக்கு ஏணியடியில் வந்து நின்றார். அவர் பார்க்க வேண்டிய பெல்ட் அங்கிருந்து வெகு தூரம். வேண்டுமென்றே எனக்கு எரிச்சல் மூட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே நடுவில் நிற்காமல் வீம்பாக ஏறினேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். இடது தாடை வலித்தது. பல்வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பாதி ஏணியில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கையில் பிடி இல்லை. கீழே விழவில்லை, ஏனென்றால் அதற்குள் ஞானசேகரன் மேலே ஏறி வந்து என் இடுப்பைத் தன் தோளால் கம்பியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "கண்ண மூடாதீங்க சார், எங்கிட்ட பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன பேசுவது? "பல்வலிதான்" என்றேனாம். அப்போதும் அவரைத் திட்டியதாகத்தான் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். ஜீப் வந்தது. ஆஸ்பத்திரியில் அடைப்பைக் கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். "அந்த ஆப்ப அழிச்சிடாதீங்க சார். அது மேல தப்பில்ல. கேபின்ல போன பக்கத்துல வச்சிக்காதீங்க, சாயங்காலத்துல நெசமா நடங்க, சர்க்கரை பாத்து எழுதுங்க" என்றார். அப்படியே செய்தேன். இன்றுவரை செய்கிறேன். மாதா மாதம் பரிசோதனை முடிந்ததும் எண்களைப் பதிகிறேன். ஏறினால் போனைக் காட்டி டாக்டரிடம் கேட்கிறேன். நான் உயிரோடு இருப்பது அப்படித்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அடுத்த வருடம் ஒரு நாள், என் போனில் ஏதோ சரிசெய்ய வந்த ஞானசேகரன் தன் போனையும் திறந்து காட்டினார். அடிக்கணக்கு தினமும் மலைபோல. சர்க்கரை, பிரஷர் எழுத வேண்டிய கட்டங்கள் மட்டும் காலி. முகாமில் அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவே இல்லையாம், அன்றைக்குப் பெல்ட்டில் வேலை இருந்ததாம்.

"நீ ஏன் பார்க்கலை?" என்றேன்.

"தெனம் இவ்ளோ நடக்கிற ஒடம்புக்கு எதுக்கு சார்? எனுது நெசமான நடை" என்று சிரித்தார்.

அவர் எண்ணில் பொய் இல்லை. அதனால்தான் அது அவரை இன்னும் நன்றாக ஏமாற்றியது. அவர் குதிகாலில் ஷூ கடித்த புண் மூன்று மாதமாக ஆறாமல் இருந்ததை நான் பார்த்தேன். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். மேட்டில் ஏறும்போது அவர் நின்றதையும் ஒரு முறை பார்த்தேன். அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று செக்‌ஷனிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். இரண்டு முறை மெதுவாகச் சொன்னேன். "ஆவட்டும் சார், பாக்கலாம்" என்றார். விட்டுவிட்டேன். என்னைக் காப்பாற்றினவரிடம் போய் நச்சரிப்பதா, மனசு நோகுமே, பர்மனன்ட்காரன் அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைப்பாரே என்று நாகரிகம் பார்த்தேன். அந்த நாகரிகத்தின் மேல்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது.

கருமாதிக்குக் குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். அவர் மனைவி செல்வியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தும் அழுத்திச் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன்.  கேட்டுவிட்டு அவர், வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த ஞானசேகரனின் தம்பி சண்முகத்தை மட்டும் கண்ணால் காட்டினார். அவரும் அதே பெல்ட்டில்தான் நடக்கிறார், அதே கான்ட்ராக்ட்.

சாப்பாடு முடிந்ததும் சண்முகத்திடம் போய், எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். பார்த்ததே இல்லை என்றார். இப்போதே கடைத்தெரு லேபுக்குப் போகலாம் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். இல்லை, இப்போதே என்றேன். "காரியம் நடக்கிற வூட்ல வந்து என்னா சார் பேசறீங்க? எங்களுக்குத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் குரலை உயர்த்தினார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  முன்பெல்லாம் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

எதிரில் நிற்பவர் கோபத்தைத் தாங்கிக்கொண்டு நகராமல் நிற்பது. ஞானசேகரனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான். அவர் இருக்கும்போதே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சண்முகம் திட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின் சீட்டைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலேயே வந்து ஏறிக்கொண்டார்.