இரண்டு அடிக்கு நடுவில் ஒரு குட்டை

அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'கடல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மனசு போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நிலப்படம் போடும் வேலையில் சேர்ந்த முதல் வாரம், அவள் போட்டதெல்லாம் ஒரு திட்டு மண்கூட இல்லாத வெறும் கடலாக வந்து தொலைத்தது. அந்த வேலையில் யாரும் கையால் தீவு வரைவதில்லை. 'நாய்ஸ்' என்று ஒரு சூத்திரம். இடத்தின் எண்ணைக் கொடுத்தால் அங்கே எவ்வளவு உயரம் என்று சொல்லும். முழு எண்ணாகவே கொடுத்தால் எங்கும் உயரம் பூஜ்யம்தான், அதாவது கடல்மட்டம்; பின்னத்தில் கேட்டால்தான் மேடு பள்ளம் வரும். அதைக் கற்றுக்கொண்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் பஸ் டிரைவர். விபத்தில் முறிந்த கால் கூடிவிட்டது, டாக்டரும் நடக்கச் சொல்லிவிட்டார். மனுஷன் கட்டிலை விட்டு இறங்கினால்தானே! பயம். ஊன்றுகோல் சுவரோரம் சும்மா நின்றது. பார்க்கச் சகிக்காமல், தன் விளையாட்டை அவர் கையில் கொடுத்தாள். அவரோ ஒரு தீவில் குடா ஓரமாக வீடு கட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மலையேறத் தொடங்கினார்.

"உச்சிய தொட்டதும் நானும் தரையில கால ஊனிடுறேன், போதுமா?" என்று வாக்கும் கொடுத்தார்.

மூன்று வாரம் நடந்து, உச்சிக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. அன்றைக்கென்று பார்த்து முதலாளி, "மலையெல்லாம் எறும்புப் புத்து மாதிரி இருக்கு, ரெண்டு மடங்கு பெருசாக்கு" என்றார். ஆக்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

"வீட்ட நடுக்கடல்ல தள்ளிட்டியே! பேருக்கேத்த வேலைதான்."

"தேடித் தரேங்க."

"அழிஞ்சத எங்க தேடுவ? நடக்கறதும் வேணாம், ஒண்ணும் வேணாம்."



மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் தப்பு பல்லை இளித்தது. படம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. அதை முதலில் இடத்தின் எண்ணோடு கூட்டிவிட்டு, அப்புறம் படத்தின் அளவால் வகுத்திருந்தாள். அளவு இரட்டித்ததும் அந்த எண்ணும் பாதியாகி, படமே எங்கோ போய்விட்டது. வகுத்த பிறகல்லவா கூட்ட வேண்டும்! அந்த எண்ணைப் பழைய அளவால் வகுத்து வைத்து, வரியை மாற்றி, வீட்டின் தூரத்தை இரண்டால் பெருக்கினாள். தீவு வந்து நின்றது. அதே குடா, அதே வளைவு.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. இதை யாரும் எங்கும் சேமித்து வைக்கவில்லை. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் வருகிறது, அவ்வளவுதான். கேட்க ஆளில்லாமல் இன்னும் எத்தனை கோடித் தீவுகளோ! அம்மாடி என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கணவர் வேண்டாவெறுப்பாகத்தான் திரையைப் பார்த்தார். வீட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. திரையில் அந்த வீட்டின் பின்கட்டில் நாலடி நடந்தவர் நின்றுவிட்டார்.

"இந்தக் குட்டைய நீ புதுசா வெட்டினியா?"

"நான் எதையும் தொடலைங்க. முன்னாடியே இருந்ததுதான். பழைய படத்துல அடிக்கு ஒரு தரந்தான் உயரம் கேட்போம். இது ரெண்டு அடிக்கு நடுவுல இருந்துச்சு, நாம கேக்கவே இல்ல."

"அடேங்கப்பா! தினமும் இத தாண்டித்தான் போயிருக்கேன்." வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "வீட்லேர்ந்துதான் மறுபடி நடக்கணும். தூரமும் ரெண்டு மடங்கு. உச்சிக்கு ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரமா? அதுவரைக்கும் யாரு படுத்துக் கிடக்கறது? அந்த ஊன்றுகோல இப்படி எடு."

எடுத்துக் கொடுத்தாள். அவர் எழுந்து ஓரடி வைத்தார். அடுத்த அடிக்கு முன்னால் நின்று, குனிந்து, நடுவிலிருந்த தரையை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.