அறுக்குமுன் அழைத்தல்

என் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், எடுத்த படத்தில் உள்ளதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இதில் வரும் இரு குடும்பங்களும் பழவேற்காட்டில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. ஊகித்து எழுதும் ஒரு சொல்கூட அவர்களுள் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

கார்த்திகையில் புயல் வந்த அன்று பிற்பகல், முகத்துவாரத்தில் எழுந்த அலைகளைப் படமெடுக்கக் கரைமேட்டில் நின்றிருந்தேன். கடலிலிருந்து ஏரிக்குள் கொண்டுவந்த படகுகளைக் கீழே ஒன்றோடொன்று பிணைத்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒரு படகின் நங்கூரம் பெயர்ந்து மற்றவற்றையும் இழுத்தால், அடுத்த படகுக்காரர் பிணைப்புக் கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால், உடையவரைக் குரல் கொடுத்து அழைத்த பிறகே அறுக்க வேண்டும். அழைத்து அறுத்தால், போன படகுக்கு வரிசை முழுவதும் பொறுப்பு. அழையாமல் அறுத்தால் அது பகை.

அன்று கடைசிப் படகின் நங்கூரம் பெயர்ந்தது. அதன் உடையவர் கரையில் வலைகளை மேட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார். அடுத்த படகில் நின்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். அவர்கள் இருவரையும் நான் அப்போது கவனிக்கவில்லை; இவை பிறகு ஊர்க்கூட்டத்தில் கேட்டவை. அலையைப் பார்த்துப் படமெடுத்தேன். நுரை வடிந்தபோது அந்தப் படகு தனியே முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்று அடங்கிய பின், அதன் முன்பாதி மட்டும் மணலில் கிடந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு என் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதன் கீழ்ஓரத்தில் அண்ணன் இருந்தார். கையில் கத்தி, கயிறு இன்னும் அறுபடவில்லை. முகம் கரைப்பக்கம் திரும்பியிருந்தது, வாய் திறந்திருந்தது.

"கூப்ட்டேன். எதிர்க்காத்து. கொரலு வாய வுட்டே போவல, நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் அண்ணன்.

"நீ கூப்ட்டியோ இன்னாவோ. எனக்கு வந்து சேரல மச்சான்," என்றார் படகை இழந்தவர்.

கொட்டாவி விட்டிருப்பான் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். ஊர்ப்பெரியவர் அவர்களை அடக்கினார். படகை இழந்தவரின் மனைவி, கணவரையும் அண்ணனையும் பாராமல் என்னிடம் வந்தார்.

"எங்கண்ணன் இதுல கூப்புடுதா, சும்மா மூச்சு வாங்குதா? பாத்து சொல்லு சார். அந்த வூட்டு வாசல் மிதிக்கணுமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

படத்தை இயன்றவரை பெரிதாக்கிப் பார்த்தேன். நுரை அண்ணன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடித்தால் யார் வாயும் திறக்கும். வாய் திறந்திருக்கிறது, அதற்கு மேல் படத்தில் ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பெண் தலையை அசைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அழைத்ததாகவே கொள்வதென்று கூட்டம் முடிவு செய்தது. வரிசையில் இருந்தவர்கள் சேர்ந்து வேறொரு படகு வாங்கித் தந்தார்கள். பொங்கலுக்கு அண்ணன் சீர்வரிசைத் தட்டோடு தங்கை வீட்டுக்கு வந்ததைத் தெருவில் நின்று பார்த்தேன். தங்கை வாசலுக்கு வந்து இரு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணனை உள்ளே அழைக்கவில்லை. அண்ணனும் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். கணவர் அப்போது வீட்டில் இல்லை.

கயிற்றை அறுக்குமுன் அண்ணன் அழைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.