வெள்ளிக்கிழமைப் பயறு

வில்சன் அவெனியூவில் பிலிப்பைன்காரருடைய பழைய சாப்பாட்டுக்கடை ஒன்று இருக்கிறது. கொண்டோ மாடிகள் கட்டுவதற்காக அந்தத் தெருவில் எத்தனையோ கடைகளை இடித்துவிட்டார்கள். இது மட்டும் அசையவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கரண்டியும் முள்ளுக்கரண்டியும், நடுவில் யேசுவின் கடைசி விருந்துப் படம். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத்தட்டாகக் கறிகள். பெயர் தெரியத் தேவையில்லை, விரலால் காட்டினால் அள்ளிப் போடுவார்கள். மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு.

மிசிசாகாவில் என் கணவரோடு விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்காரர்தான் இந்தக் கடையைப் பற்றிச் சொன்னவர். “வெள்ளிக்கிழமையில அவையும் இறைச்சி தொடாயினமாம். பயறு காய்ச்சுவினமாம். எங்கட ஆக்கள் மாதிரித்தான்” என்று என் கணவருக்கு ஒரே சந்தோஷம். மற்ற நாட்களில் ஆடு, கோழி, நண்டு என்று எந்த மச்சத்தையும் விட்டுவைக்காத மனுஷன், வெள்ளி வந்தால் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்.

லீவு நாள் வெள்ளியாக அமைய, போனோம். கடைக்குள் சேட்டைத் தூக்கி வயிற்றில் குத்த வெட்கப்பட்டு, இன்சுலின் ஊசியைக் காரிலேயே போட்டுக்கொண்டார். போட்டால் உடனே சாப்பிட வேண்டும். உள்ளே வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது பயற்றுத் தட்டு வழித்துத் துடைத்தபடி இருந்தது. மீனும் வேண்டாம் என்றதும், அடுத்த பானை அடுப்பில் கொதிக்கிறது, மீன் போடுமுன் உங்களுக்குப் புறம்பாக எடுத்துத் தருகிறேன் என்று பரிமாறிய பிலிப்பைன் அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்.

“வெறும் சோறாவது வாங்குவம்” என்றேன்.

“பொறுமப்பா, பயறு வருதுதானே.”

பிடிவாதத்துக்கு எந்த டொக்டரும் இன்னும் மருந்து எழுதவில்லை.

மேசையில் இருந்தோம். முதலில் அவருடைய பேச்சு நின்றது. பிறகு நெற்றியில் வேர்வை. கையைத் தொட்டேன், சில்லிட்டு நடுங்கியது. சீனி இறங்குகிறது என்று விளங்கியதும் ஓடிப்போய் ஒரு ஜூஸ் போத்தலை எடுத்துவந்து வாயில் வைத்தேன். தட்டிவிட்டார்.

“மச்சம்! எனக்கு மச்சம் வேண்டாம்!”

“தோடம்பழ ஜூஸப்பா. குடியுங்கோ.”

பல்லைக் கடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: “நீங்கள் ஆர்?”

ஊரில் சண்டைக்கால ஷெல்லடிக்குள்ளும் பயந்திருக்கிறேன்; அப்போது பிடித்துக்கொள்ள இவருடைய கை இருந்தது. இப்போது அந்தக் கைதான் என்னைத் தள்ளியது. இந்த மனுஷன் என் கண்முன்னே, என்னை யாரென்று தெரியாமலே, போய்விடப் போகிறார் என்று நினைத்தேன்.

யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். பரிமாறிய அம்மா ஒரு கிண்ணத்தோடு ஓடிவந்தார். சீனிப்பாகில் காய்ச்சிய வாழைப்பழம். என்னை மெதுவாக விலக்கிவிட்டு, இவர் முன்னால் முழங்காலில் இருந்தார். நெஞ்சில் சிலுவை போட்டார்.

“பிறைடே, சேர். மீ டூ. நோ மீற், நோ பிஷ்” என்று ஆறுதலாகச் சொன்னார். “பனானா.”

வேறொரு கரண்டியால் தான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினார். இவர் அந்தச் சிலுவை போட்ட கையையே பார்த்தார். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்குள் எங்கேயோ மிச்சம் இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார்.

ஒவ்வொரு கரண்டிக்கும் முருகனைக் கூப்பிட்டேன், யேசுவையும் விட்டுவைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது இவர் முகத்தில் களை திரும்பியிருந்தது.

“பயறு வந்திட்டுதோ?” என்று வெறும் பயற்றுத் தட்டைக் கைகாட்டிக் கேட்டார்.

பக்கத்து மேசைக்காரருக்குக்கூடச் சிரிப்பு. நான் வெளியே போய், கார்களுக்கு நடுவில் நின்று குளறி அழுதேன்.

நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. “சும்மா தலை சுத்தினது, இவ ஊரைக் கூட்டிப்போட்டா” என்று வருகிறவர்களிடமெல்லாம் பகிடி விடுகிறார். நான் யாரென்று கேட்டதை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

விடிந்ததும் கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் ஆர் தெரியுமோ என்று கேட்க வாய்வரை வரும். கேட்கப் பயந்து, “தேத்தண்ணி போடட்டோ?” என்கிறேன். உடனே பதில் வராது. வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.