பிரதர் வெண்டல் வாங்கி வரச் சொன்ன நகல்

என் தங்கை லொரீனைக் கட்டிக்கொண்ட வெண்டல் கிரம்ப்பைப் பற்றி எங்கள் கவுண்டியில், அதாவது இந்த ஜில்லாவில், யாரிடம் விசாரித்தாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவனோடு ஒரே கூரையின் கீழ் ஒரு நாள் இருந்ததில்லை. புல்வெட்டும் மெஷின் விற்கிற கடை வைத்திருக்கிறான். விற்பது கொஞ்சம், பேசுவது ரொம்ப. ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பாஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே ஆமென் போடுவான். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டால் தொலைந்தோம். ஊரில் யார் குடித்தார்கள், யார் யாரோடு சுற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கர்த்தருக்கு எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் கோழிக்கறி ஆறிப்போகும்.

லொரீனுக்கு முன்னால் அவனுக்கு முதல் பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள். பாட்ஸி என்று பேர். அவனைப் பொறுக்க முடியாமல் பஸ் ஏறி அரிசோனாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் சொல்கிற கதை வேறு. அவள் எவனோடோ ஓடிப்போனாளாம், நீதிபதி இவனைக் கூப்பிட்டு, "மிஸ்டர் கிரம்ப், உங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். எந்த நீதிபதி எவன் கையைப் பிடிப்பார்? ஆனால் ஊர் நம்பியது. ஏனென்றால் எங்கள் வாரப் பத்திரிகையில் கோர்ட் செய்திப் பக்கம் ஒன்று உண்டு. விவாகரத்து கேட்டு யார் மனு போட்டாலும் பேர் அதில் வந்துவிடும். நாங்கள் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அதில் பேர் வந்துவிட்டால் ஊரைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணம் முடிந்தது. வெண்டலின் பேரும் வந்தது. அதைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டான். அப்புறம் என் தங்கையைப் பெண் கேட்டு வந்தான்.

லொரீன் அவனிடம் பட்டது கொஞ்சமில்லை. அடிக்க மாட்டான், அந்த நல்ல பேரையும் விடமாட்டான். ஆனால் பள்ளிக்கூட சமையலறையில் வேலைக்குப் போகிறேன் என்றால் கூடாது. கார் சாவி அவன் பையில். ஒரு தடவை துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சபை ஆட்கள் நாலு பேரைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"கட்டினது கட்டினதுதான்," என்றான் என் வாசலில் நின்று. "என் வீட்டுலேர்ந்து பொம்பள வெளிய போறதுன்னா பெட்டியிலதான் போகணும்."

"அவளத் தூக்கிப் போறதுக்கு முன்னாடி நீ போய்ச் சேருவ," என்றேன். லொரீன்தான் என்னை அடக்கிவிட்டு வண்டியில் ஏறினாள். மனு போட்டு அவனைத் தலைமுழுக அவளுக்குச் சட்டம் தடையில்லை. தடை அவள் மனசில் இருந்தது. "கர்த்தர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன்க்கா. நானா உடைக்க மாட்டேன்," என்பாள். எனக்கு வயிறு எரியும். இந்த மூஞ்சிக்கா இவ்வளவு பெரிய வாக்கு?

இப்படி இருக்கையில் சபையில் பாஸ்டருக்கு அடுத்த பதவியான டீக்கன் இடம் ஒன்று காலியானது. வெண்டலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எங்கள் சபையில் விவாகரத்து ஆனவனை டீக்கன் ஆக்குவதில்லை. பெண்டாட்டி துரோகம் பண்ணியவள், புருஷன் நிரபராதி என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. புதிதாக வந்த இளம் பாஸ்டர் பிராட்ஷா பழைய பாஸ்டரைப் போல வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. "கோர்ட் தீர்ப்போட நகல் ஒண்ணு குடுத்துடுங்க பிரதர், கமிட்டிக்குக் காட்டணும்," என்றுவிட்டார்.

சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்ட கதை ஆயிற்றே, வெண்டலுக்குக் கொள்ளைச் சந்தோஷம். ஆனால் கோர்ட் கவுண்டரில் வரிசையில் நிற்க துரைக்குக் கௌரவக் குறைச்சல். முதல் பெண்டாட்டியின் கேவலத்தை எழுதிய தாளை வாங்கி வர இரண்டாம் பெண்டாட்டியை அனுப்பினான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். கோர்ட்டின் கீழ்த்தளத்தில் பதிவேட்டு அறை. கவுண்டரில் கார்லா என்று ஒரு பெண், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தாள்.

"ரெண்டு பேரோட முழுப் பேர், மனு போட்ட வருஷம் சொல்லுங்க. சாதா நகலா, முத்திர போட்டதா?"

"முத்திர போட்டது. பாஸ்டருக்குக் குடுக்கணும்," என்றாள் லொரீன்.

"பாஸ்டருக்கா?" கார்லா எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "மனு இருக்கு. தீர்ப்பு இல்லியே."

"வருஷம் மாறியிருக்குமோ?" என்றேன்.

"முன்னப் பின்ன எல்லா வருஷமும் பாத்துட்டேன். வேற கவுண்டியில போட்டிருந்தா அங்கதான் கேக்கணும். ஆனா கேஸ் இங்கதான நடந்திருக்கு." ஒரு மெல்லிய கோப்பைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தாள். வெண்டலின் மனு. விசாரணைத் தேதி குறித்த நோட்டீஸ். கடைசியாக ஒரே ஒரு தாள். மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி.

விசாரணைத் தேதியைப் பார்த்தேன். அதை எங்கேயோ படித்த ஞாபகம். எங்கே என்று மண்டையில் உறைத்ததும் அங்கேயே கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெண்டலின் சோபாவுக்கு மேலே ஒரு மான் தலை தொங்குகிறது. அதன் கீழே பித்தளைத் தகட்டில் சுட்ட தேதியைப் பொறித்து வைத்திருக்கிறான். அதே தேதிதான், மான் வேட்டை சீசன் தொடங்கும் திங்கட்கிழமை. எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே இருக்காது. இவன் கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். பத்திரிகையில் பேர் வந்துவிட்டதே, இனி கோர்ட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

"அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?" லொரீன் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சட்ட விஷயம் நாங்க சொல்லக்கூடாதும்மா." கார்லா முத்திரையை அழுத்திக் குத்தினாள். பிறகு குனிந்து மெல்லச் சொன்னாள். "ஆனா உங்க எடத்துல நான் இருந்தா இன்னிக்கே ஒரு வக்கீலப் பாப்பேன்."

பார்த்தோம். பாட்ஸி அரிசோனாவில் மனு போட்டு விவாகரத்து வாங்கியிருந்தால்தான் வெண்டல் தப்பிக்க முடியும், இல்லையென்றால் லொரீனோடு நடந்த கல்யாணம் செல்லாது என்றார் வக்கீல். அன்றைக்கே பாட்ஸியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"நான் எதுக்குப் போடணும்? அவர்தான் போட்டாரே. பேப்பர்ல வந்துச்சுன்னு எங்கம்மா சொன்னாங்களே," என்றாள் அவள். விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

காரில் வீடு திரும்பும்போது லொரீன் என் பக்கம் திரும்பினாள். "நான் கர்த்தருக்குக் குடுத்த வாக்கு என்ன ஆகும்க்கா?" என்றாள்.

"ஏண்டி, அடுத்தவ புருஷனுக்குப் பொண்டாட்டியா இருக்கேன்னு குடுத்த வாக்க வச்சுக்கிட்டுக் கர்த்தர் என்னடி பண்ணுவாரு?"

அவள் அழ ஆரம்பித்தாள். பாதி அழுகையில் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

புதன்கிழமை சபைக்கூடத்தில் இரவுச் சாப்பாடு. லொரீன் பீன்ஸ் கேசரோல் செய்து எடுத்து வந்திருந்தாள். அவளுடைய துணிப்பெட்டி என் கார் டிக்கியில் இருந்தது. வெண்டல் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். லொரீன் கொண்டுவந்து கொடுத்த கோர்ட் உறையை அவன் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியுமே! எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அதைப் பாஸ்டரிடம் நீட்டினான்.

"சத்தமா வாசிங்க பாஸ்டர். எல்லாரும் கேக்கட்டும்."

பாஸ்டர் பிரித்துப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "பிரதர், இத நாம தனியாப் பேசலாமே."

"எதுக்குத் தனியா? எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. வாசிங்க!"

வாசித்தார். விசாரணைத் தேதி, மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி. தேதியைக் கேட்டதும் பின்னால் இருந்த ஒரு வேட்டைக்காரன் "அட, சீசன் மொத நாளு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"அதெப்படி? பேப்பர்ல வந்துச்சே!" வெண்டல் பைபிளைத் திறந்து பழுத்துப்போன துண்டை எடுத்துக் காட்டினான். யாரும் கைநீட்டி வாங்கவில்லை. அவன் லொரீன் பக்கம் திரும்பினான். "எழுந்திரு, வீட்டுக்குப் போலாம். இது ஒரு விஷயமே இல்ல. நாளைக்கே வக்கீலப் பாத்து பாட்ஸி கேஸத் தீத்துட்டு உன்னையே மறுபடியும் கட்டிக்கிறேன். அவ்வளவுதான?"

லொரீன் எழுந்திருக்கவில்லை. "அதுக்கு என்கிட்ட சம்மதம் கேக்கணுமே."

"என்னது?"

"கேளுங்க. எல்லாரும் இருக்காங்க, இங்கயே கேளுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். சபை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வேர்த்த கழுத்தில் டையைத் தளர்த்திக்கொண்டான். எதை எப்போது கேட்டிருக்கிறான் அவளிடம்?

"என்னக் கட்டிக்கிறியா, லொரீன்?"

"மாட்டேன்," என்றாள். கேசரோல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என் காரை நோக்கி நடந்தாள்.