அரியலூர் ஸ்டேஷனில் ஒரு டீச்சரம்மா

எங்களுக்குக் கல்யாணமான புதிது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்த பிறகும், சனி ஞாயிறுக்கு எந்த ஊர் போவதென்று முடிவாகவில்லை. மனைவிக்கு மெட்ராஸ் ஆசை. எனக்கோ கையைக் கடிக்காத செலவு வேண்டும். டிக்கெட் வரிசையில் பின்னால் நின்ற நெட்டையான டீச்சரம்மா ஒருவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறுக்கிட்டார். துடைக்காமல் அவர் வாய் திறப்பதே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

“திருச்சிக்கு வாங்க. டவுன் ஸ்டேஷன்ல எறங்கிட்டா எல்லாம் நடந்தே பாத்துடலாம்.”

அவர் சொன்ன உறுதியில் மனைவியும் சம்மதித்தாள். மூவரும் திருச்சியில் இறங்கியதும் டீச்சரம்மா மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

“கடைவீதிக்கு எந்தப் பக்கங்க போவணும்?”

“உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“நானும் வந்ததே இல்லைங்க. தனியா வர ஒரு மாதிரியா இருந்துச்சு.”

மனைவி சிரித்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளும் வழி கேட்டே சுற்றினோம். எல்லா இடத்திலும் முன்னால் நடந்தவர் அவர்தான்.

பிற்பாடு மெட்ராஸும் போனோம். ஊர் பெரிதுதான். ஆனால் கடற்கரையில் நின்றபோது, “டீச்சரம்மாவையும் கூட்டியாந்திருக்கலாம்ங்க” என்றாள் மனைவி.